அண்ணா ஏறாத விமானம்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு அண்ணாவின் ரானுயி வீடு தெரியும். கார் எப்போதும் மழையில் நிற்கும்; கராஜுக்குள் விமானம் இருக்கும்.

அண்ணா யாழ்ப்பாணத்தில் பலாலி விமான ஓடுபாதைக்கு அருகே பிறந்தார். போர்க்காலத்தில் விமானச் சத்தம் கேட்டால் நாங்கள் பதுங்குகுழிக்குள் பாய்வோம். அவர் மட்டும் தலையை வெளியே நீட்டிப் பார்ப்பார். “உனக்கென்ன விசரோ? உள்ளுக்கை வாடா!” என்று அம்மா கத்துவார். எங்களை ஓட ஓட விரட்டிய ஒன்றின்மேல் அவருக்கு எப்படி ஆசை வந்தது என்பது தம்பியான எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நியூசிலாந்துக்கு அகதியாக வந்து ஆக்லாந்தில் குடியேறியவர், விமானம் திருத்தும் வேலை பழகி, பறக்கவும் பழகி, ஆல்பனிக்கு வடக்கே ஒரு புல்வெளித் தளத்தில் சிறிய விமானப் பயிற்சிப் பள்ளி நடத்தினார். பழகியவர்கள் பெரிய விமானங்களை ஓட்டப் போய்விட்டார்கள். மகனும் வேலை கிடைத்து மெல்பேர்ன் போனார். அண்ணியும் காலமான பிறகு, பேச்சுத் துணைக்கு வீட்டில் ஒருவரும் இல்லை. அப்போதுதான், நூறாண்டுக்கு முன் ஜெர்மனியில் விமானம் கட்டி, பறக்கவும் கற்றுக்கொடுத்த ஒருவருடைய வரைபடங்களைத் தேடி எடுத்து, மரத்திலும் துணியிலும் இருவர் இருக்கக்கூடிய விமானம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார். நான் போன் எடுத்தால் அந்த ஜெர்மன்காரரைப் பற்றியே கதைப்பார். “அந்தாளும் என்னைப் போலத்தான். கட்டவும் வேணும், படிப்பிக்கவும் வேணும்,” என்பார். வேறு சிநேகிதர் அவருக்கு இருக்கவில்லை.

கட்டி முடிக்கும்போது அவருடைய இதயம் பழுதாகிவிட்டது. இனி ஓட்டக்கூடாது என்றார் டாக்டர். சோதனைப் பறப்புகளுக்கு அவருடைய கடைசி மாணவி, மதுரைப் பெண் ஒருவர், பொறுப்பேற்றார். அவை முடியும்வரை ஓட்டுபவரைத் தவிர வேறு யாரும் ஏறக்கூடாது என்பது விதி.

“சார், நீங்களும் ஏறிக்குங்க. யாரு பார்க்கப் போறா?”

“நான் பாக்கிறன் பிள்ளை. நீர் தனியப் போம்.”

விமானம் எழும்பியது. அண்ணா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி புல்லில் நின்றார். பக்கத்தில் நின்ற என்னை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. “சோதினை முடியட்டும், நானும் ஏறுவன்,” என்றார். முடிவதற்குள் போய்விட்டார்.

சுத்தியல் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட ரானுயி அயலவர்களுக்கும், இறுதிக் கிரியை நாட்களில் எங்களுக்குச் சமைத்துக் கொண்டுவந்தவர்களுக்கும், எப்சம் பகுதியிலிருந்து வந்து தேவாரம் பாடிய பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்த மாணவிக்கும் நன்றி சொல்ல வேண்டும். இந்த மலர் அச்சுக்குப் போகும் நேரத்தில் அவர் போன் செய்தார்.

“அங்கிள், சோதனை எல்லாம் முடிஞ்சிருச்சு. இனிமே கூட ஒருத்தரை ஏத்திக்கலாம்.”

“கொஞ்சம் பொறுங்கோ பிள்ளை,” என்றேன். அண்ணாவின் தொப்பியைத் தேடி எடுக்க எழும்பினேன்.