ஆப்பத்துக்கு ஒரு ஜாண் தண்ணீர்

பிரிசில்லா மஸ்கட்டுக்குப் புறப்பட்டது 2022 ஏப்ரல் பத்தாம் தேதி, குருத்தோலை ஞாயிறு. கோயிலிலிருந்து நேராக வந்து, ஓலையை அப்பா கையில் திணித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கியவள், வாசல் வரை போய் ஏதோ நினைவு வந்தவளாகத் திரும்பினாள். சுவரில் தொங்கிய தினக் காலண்டரில் முந்தின நாள் தாளைச் சர்ரென்று கிழித்தாள். தாள் கிழிப்பது அந்த வீட்டில் அவள் வேலை.

"இனிமே இத நீதான் பண்ணணும்," என்றாள்.

விமான நிலையத்துக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று சொன்ன கடைசி வார்த்தையும் அவளைப் பற்றியது இல்லை.

"ஆப்பத்த பக்கெட்டுலயே வுட்டு வெச்சிடாதப்பா. நல்ல தொட்டியா பாத்து மாத்து. ரெண்டு வருசம் கழிச்சி நான் வர்றப்போ அது உசுரோட இருக்கணும்."

"நர்சு வேலைக்குப் போற பொண்ணு. அப்பன சுகர் மாத்திர முழுங்கச் சொல்லாம ஆப்பத்துக்கு வைத்தியம் சொல்லினுகீற."

"அதயும் முழுங்கு," என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். ஏசுதாஸ் கதவுக்கு வெளியே வெகுநேரம் நின்றார். போனவர்கள் அந்தக் கதவு வழியாகத் திரும்பி வருவதில்லை என்பது தெரிந்தும் நின்றார்.

ஆப்பம் என்பது ஒரு பவளம். கல்லாகக் கெட்டிப்படும் ஜாதி இல்லை. தோல் மாதிரி மெத்தென்ற உடம்பு. நடுவில் குழிந்து, ஓரம் மடிப்பு மடிப்பாக விரிந்து, சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்து வைத்த ஆப்பம் போலவே இருக்கும். மேலெல்லாம் பொடிப்பொடியாய் விரல்களை நீட்டிக்கொண்டு தண்ணீர் அசைகிற பக்கம் அசையும். அதற்கு அந்தப் பேரை வைத்தது பிரிசில்லாதான், எட்டாவது படிக்கும்போது.

அந்த வருடம்தான் அவள் அம்மா பாப்பா இறந்தாள். ஏசுதாஸ் மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் பராமரிப்பு ஆள். குழாய் ஒழுகினாலும் ஏசி நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் பெண் பஸ் ஏறி ஓட்டலுக்கு வந்துவிடுவாள். அவர் வேலை முடியும் வரை வரவேற்பறையில், ஆள் உயரக் கடல் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். சதுரங்கப்பட்டினத்து வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அப்பாவும் பெண்ணும் பேசிக்கொள்வதெல்லாம் ஆப்பம் இன்றைக்கு விரிந்ததா, சுருங்கியதா, கோமாளி மீன் அதைக் கடித்ததா என்பதுதான். பாப்பாவைப் பற்றிப் பேச இருவருக்கும் வாய் வரவில்லை. ஆப்பம் வந்தது.

அந்தத் தொட்டியை எடுத்துவிட்டுக் கல் யானை வைப்பது என்று ஓட்டலில் முடிவானது 2022 மார்ச்சில். வாரம் ஒருமுறை சென்னையிலிருந்து வந்து தொட்டியைப் பார்த்துக்கொண்ட ரோஹித், மீன்களையும் அருமையான பவளங்களையும் வண்டியில் ஏற்றினான். "இது ரொம்ப சாதாரணம்ணே, நீங்க வெச்சுக்கங்க. நம்ம கடல்ல எடுத்தது இல்ல, வளக்கற எடத்துலேர்ந்து வந்தது. கேசு வரும்னு பயப்படாதீங்க," என்று ஆப்பத்தை அது ஒட்டியிருந்த கல்லோடு கொடுத்தான். ஒரு விளக்கும் சின்ன அலை மோட்டாரும் சேர்த்துக் கொடுத்தான். பெயின்ட் பக்கெட்டில் கடல் தண்ணீரை நிரப்பி, ஏசுதாஸ் மொபெட்டில் முன்னால் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

பெண் போன மறுவாரம் தொட்டி பார்க்கக் கலைவாணன் கடைக்குப் போனார். கலைவாணன் சிற்பக் கடைகளுக்கு ஷோகேஸ் செய்து கொடுக்கிற கண்ணாடிக்காரன், கூடப் படித்தவன்.

"நீளம் மூணடி, அகலம் ரெண்டடி. தண்ணி ஒரு ஜாண் நிக்கணும், மேல நாலு விரல் வுட்டுக்கோ," என்றார் ஏசுதாஸ்.

"இன்னா மச்சான், மீன் தொட்டி கேக்கறியா, சோத்துத் தட்டு கேக்கறியா?"

"மீனு இல்லடா. ஆப்பம்."

"ஆப்பத்துக்குச் சட்டி வாங்கு. கண்ணாடிக் கடையில இன்னா வேல?"

கடையின் பின்னால் யாரோ சொல்லிவிட்டு எடுக்காமல் போன தொட்டி ஒன்று இருந்தது. இரண்டரை அடி உயரம், பார்க்க ஜம்மென்று இருக்கும். கலைவாணன் அதைத் தட்டிக் காட்டினான். "இத எடுத்துக்கினு போ. வூட்ல வெச்சா ராஜா மாதிரி இருக்கும்." 

ஏசுதாஸ் அதற்குப் பக்கத்தில் போய் வலது கையைத் தூக்கினார். தோள் பிடித்துக்கொண்டு பாதிவரைதான் உயர்ந்தது. ஓட்டல் தொட்டிக்குள் ஏணி போட்டுக் குனிந்து, தலையையும் கையையும் விட்டுக் கல் நகர்த்தி நகர்த்தியே இறுகிப்போன தோள்.

"பாத்தியா? கை எட்டணும். அடியில இன்னா நடக்குதுன்னு தடவிப் பாக்கற ஆழம்தான் எனக்கு. அதுவும் இல்லாம, கீற விளக்கு சின்னது. ஆழமா இருந்தா வெளிச்சம் அடிக்கு எறங்காது. அது வெளிச்சத்த சாப்புடறது."

"சுத்தி நின்னு பாக்க ஒண்ணும் தெரியாதேடா."

"சுத்தி நின்னு பாக்க வூட்ல யாருகீறா?" என்றார் ஏசுதாஸ். "மேலேர்ந்து போன்ல புடிச்சி அனுப்பணும். அது போதும்."

கலைவாணன் டேப்பை எடுத்து அளவைக் குறித்துக்கொண்டான். இரண்டே நாளில் செய்து கொண்டுவந்து, ஏப்ரல் இருபத்து நான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை, சுவரோரம் பெரிய மேஜையில் அவனே பிடித்து வைத்தான். அகலமான மேஜை சுவரை அடைத்துக்கொண்டது. அதன் மேல் காலண்டர். மறுநாள் காலை தாள் கிழிக்கப் போனவர், தொட்டிக்கு மேலாக எட்டிக் கையைத் தூக்க முடியாமல் விட்டுவிட்டார். அதற்கு மறுநாள் முயற்சியும் செய்யவில்லை.

ஆப்பம் புது இடத்தில் இரண்டே நாளில் விரிந்தது. படம் கலங்கக் கூடாது என்று மோட்டாரை நிறுத்தி, ஸ்டூல் போட்டு, கொஞ்சம் சாய்வாகப் பிடித்து வீடியோ எடுத்து அனுப்பினார். தெளிந்த தண்ணீரில் சுவர் தலைகீழாக நின்றது. "ஐயோ என் ஆப்பம்!" என்று குரல் பதிந்து அனுப்பினாள் பிரிசில்லா. அவள் விடுதியில் நெட் இழுக்காது. முகம் பார்த்துப் பேச வழியில்லை. ஞாயிறு மத்தியானம் போன் வரும். எடுத்ததும் முதல் கேள்வி ஆப்பம். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் வரும்: வார்டில் பாஷை புரியாத பாட்டிகள், அறைத்தோழியின் குறட்டை, அழுகை வந்தது, வராதது எல்லாம். ஆப்பம்தான் கதவு. அது மூடிக்கொண்டால் தனக்கும் அவளுக்கும் நடுவில் பேச என்ன இருக்கும் என்று ஏசுதாசுக்கு உள்ளுக்குள் ஒரு பயம்.

மே மாத வெயிலில் தொட்டித் தண்ணீர் நாளுக்கு அரை விரற்கடை இறங்கியது. வாய் அகலம், மேலே ஃபேன் வேறு. குறையக் குறைய ஊற்றச் சொல்லியிருந்தான் ரோஹித். எந்தத் தண்ணீர் என்று அவன் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. கடலோரத்தில் இருக்கிறவருக்கு அதில் கேட்க என்ன இருக்கிறது? தினமும் விடிந்ததும் கேனை எடுத்துக்கொண்டு டச்சுக் கோட்டைக்கு எதிரே கடலில் இறங்குவார். படகுகளைத் தாண்டி நல்ல தண்ணீராக மொண்டு, வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றுவார்.

மூன்றாவது வாரத்தில் ஆப்பம் விரல்களை இழுத்துக்கொண்டது. பிறகு ஓரம் சுருண்டது. கடைசியில் மிதித்த பழம் மாதிரி கல்லில் ஒட்டிக் கிடந்தது. விளக்கைக் கூட்டினார், குறைத்தார். இன்னும் நல்ல தண்ணீர் வேண்டுமோ என்று இரண்டு கேனாக ஊற்றினார். ஞாயிற்றுக்கிழமை பிரிசில்லா, "ரெண்டு வாரமா வீடியோவே காணோம், அனுப்புப்பா," என்றாள். ஏசுதாஸ் போனில் தேடி, முதலில் எடுத்ததையே வேறு இடத்தில் வெட்டி அனுப்பினார். பெண்ணிடம் சொன்ன பொய் என்று எண்ணிப் பார்த்தால் அவருக்கு வேறு நினைவுக்கு வரவில்லை.

பதில் இரண்டு நாள் கழித்து வந்தது: "நல்லா கீது பா."

அந்த வாரம் தொட்டி விளிம்பைத் துடைக்கும்போது துணியில் ஏதோ நறநறத்தது. கண்ணாடி ஓரம் முழுக்க வெள்ளையாகப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார். உப்பு.

செய்யூர் உப்பளத்தில் அவருடைய அப்பாவும் அம்மாவும் கோடைதோறும் கூலிக்குப் போவார்கள். நிலத்தில் வேலை இல்லாத மாதங்களில் அதுதான் சோறு. அகலமான பாத்தி, கணுக்கால் நனையாத தண்ணீர். வெயிலும் காற்றும் தண்ணீரைக் கொண்டுபோகும், உப்பு தங்கும். மறுபடி கடல் தண்ணீரை விடுவார்கள். பத்து வயது வரை அந்தப் பாத்தி வரப்பில் ஓடித் திரிந்தவர், கலைவாணனிடம் அளவு சொல்லி அதே பாத்தியைக் கண்ணாடியில் செய்து வாங்கி வந்து, ஒரு மாதமாக உப்பு விளைவித்துக்கொண்டிருக்கிறார்.

"டேய் ஏசுதாசு," என்று தன்னைத்தானே கூப்பிட்டுக்கொண்டு சிரித்தார். அந்த வீட்டில் பல நாளாகக் கேட்காத சத்தம் அது. அவருக்கே ஒரு மாதிரி இருந்தது.

ரோஹித்துக்குப் போன் செய்தார். "அண்ணே, கொறையறதுக்கு நல்ல தண்ணி ஊத்தணும்ணே, குடிக்கிற தண்ணி! ஆனா ஒரே நாள்ல மாத்திடாதீங்க, தாங்காது. உப்புத் தண்ணிய ரெண்டு சொம்பு எடுங்க, நல்ல தண்ணி ரெண்டு சொம்பு விடுங்க. தினமும்."

தினமும் இரண்டு சொம்பு. வேலைக்குப் போகுமுன் கையை விட்டு ஆப்பத்தின் அடியைத் தடவிப் பார்ப்பார், கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஜூன் முழுவதும் அப்படியே போயிற்று. ஜூலை முதல் வாரத்தில் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டே வந்து பார்த்தால் ஓரத்தில் ஏழெட்டு விரல்கள் நீண்டிருந்தன. வாரக் கடைசியில் முழுதாய் விரிந்தது. சொம்பும் கேனும் கிடந்த மேஜையைத் துடைத்து, மோட்டாரை நிறுத்தி, ஸ்டூலில் ஏறி எடுத்து அனுப்பினார்.

ஒரு இதயப் படம் மட்டும் வந்தது.

ஞாயிறு போன்கள் நிற்கவில்லை. ஆனால் முதல் கேள்வி மாறிவிட்டது. "சாப்ட்டியா? மாத்திர போட்டியா?" இரண்டு நிமிடம். பெரியவளாகிவிட்டாள், தொட்டி விளையாட்டெல்லாம் இனி எதற்கு என்று ஏசுதாஸ் எண்ணிக்கொண்டார். கேட்காதவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. வேலைவிட்டு வந்ததும் ஸ்டூலைப் போட்டு மேலிருந்து பார்ப்பார். குனிய வேண்டியதில்லை, முழங்கை வரை நனைந்தால் போதும். தொட்டியைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருந்தார். புது வருடத்துக் காலண்டர் ஓட்டலில் கொடுத்தார்கள். அது சுருட்டியபடியே அலமாரி மேல் கிடந்தது.

2023 டிசம்பரில் ஆப்பத்தின் அடியில் பட்டாணி அளவுக்கு ஒன்று முளைத்திருந்தது. முதலில் அழுக்கு என்று தேய்க்கப் போனார். அது விரல் நீட்டியது. அனுப்பலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தார். பிறகு மோட்டாரை நிறுத்தி எடுத்தார், ஒன்றும் எழுதாமல் அனுப்பினார்.

மறுநாள் மத்தியானம் ஓட்டல் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி வால்வைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

"அப்பா பக்கத்துல இன்னா அது, குட்டியா??? அப்போ ஆப்பம் உசுரோடதான் கீதா? அன்னிக்கு மே மாசம் நீ அனுப்பின வீடியோல தண்ணிக்குள்ள காலண்டர் தலகீழா தெரிஞ்சுது. ஏப்ரல் 24. பழசுன்னு புரிஞ்சிகினேன், ஆப்பம் போயிடுச்சுன்னு நெனச்சேன். ஜூலைல அனுப்பினதுலயும் அதே 24. அப்பா பாவம் இன்னும் பழசையே அனுப்பினுகீறாரு, கேட்டா பொய் சொல்ல வெக்கற மாதிரி ஆயிடும்னு கேக்கவே இல்ல. ஒன்றர வருசம்பா. இப்போ இதுலயும் 24தான் கீது. ஆனா குட்டி கீது. மொதல்ல அந்தக் காலண்டரக் கிழி."