மூணு வாட்டியும் வெள்ளை

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆனி மாதம். தலைப்பிரசவத்துக்காக, திருவண்ணாமலை மலைசுற்றும் பாதையில் உள்ள அடி அண்ணாமலைக்கு, என் தாய் வீட்டுக்கு வந்திருந்தேன். நான் எட்டாவதோடு நின்றுவிட்டவள். என் தங்கை பன்னிரண்டாவது முடித்து, வேலூரில் ஆசிரியர் பயிற்சிக்கு இடமும் வாங்கிவிட்டாள். அதே வாரத்தில் செங்கம் பக்கமிருந்து அவளுக்கு ஒரு வரனும் வந்தது. நல்ல குடும்பம், கிணற்றுப் பாசன நிலம். படிக்க அனுப்புவதா, கட்டிக்கொடுப்பதா என்று வீட்டில் ஒரே குழப்பம். தங்கை சரியாகச் சாப்பிடுவதைக்கூட விட்டுவிட்டாள்.

இந்த மாதிரி நேரத்தில் எங்கள் ஊரில் அம்மன் கோயிலில் பூப்போட்டுப் பார்ப்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் ஒரே அளவு பூவரச இலையில் மடித்து, வாழைநாரால் கட்டி, குலுக்கி அம்மன் காலடியில் வைப்பார்கள். நமக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் ஒன்றை எடுத்துத் தர வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை பூப்போட்டுப் பார்ப்பதென்று நைனா முடிவு செய்தார். அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அப்போது அவருடைய அக்கா, எங்கள் அத்தை, ஒரு யோசனை சொன்னார்.

"வயசுப் பொண்ணை வெளியூருக்கு அனுப்பற விஷயம்டா. ஒரு வாட்டின்னா ஏதோ கைபோக்குல வந்துடும். மூணு வாட்டி போடு. மூணு வாட்டியும் வெள்ளை வந்தா அது உத்தரவு, அனுப்பு. இல்லன்னா செங்கத்துக்காரங்களுக்கு சரின்னு சொல்லிடு."

அத்தை கெட்டவர் இல்லை. அவர் சொன்னது எல்லோருக்கும் நியாயமாகத்தான் பட்டது, எனக்கும்தான். ஒரு முறை கேட்பதைவிட மூன்று முறை கேட்டால் பதில் உறுதியாக இருக்கும் அல்லவா?

மறுநாள் காலை பின்கட்டில் உட்கார்ந்து பூத்தொடுத்துக்கொண்டிருந்தேன். எட்டு மாத வயிறு, வேறு வேலை தரமாட்டார்கள். கையில் நந்தியாவட்டையும் அரளியும் இருந்தன. மூன்று முறையும் வெள்ளை எவ்வளவு சுலபமாக வரும் என்று பார்க்கலாமே என்று ஒரு எண்ணம். இரண்டு பொட்டலம் கட்டினேன். கண்ணை மூடிக் குலுக்கி ஒன்றை எடுத்தேன். வெள்ளை. திரும்பக் கட்டி, குலுக்கி எடுத்தேன். சிவப்பு. அடுத்ததும் சிவப்பு.

சரி, இது கணக்கில்லை என்று மறுபடி ஆரம்பித்தேன். அப்புறம் அதை விட முடியவில்லை. ஒவ்வொரு மூன்று முறைக்கும் ஒரு புளியங்கொட்டை வைத்தேன். மூன்றும் வெள்ளையாக வந்தால் தனியாக ஒரு குவியல், மற்றதெல்லாம் வேறு குவியல்.

இரண்டு விஷயம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு முறை வெள்ளை வந்தால் அடுத்தது சிவப்புதான் வரும் என்று நினைத்திருந்தேன். பாதிக்குப் பாதி என்றால் மாறி மாறித்தானே வர வேண்டும்? அப்படி வரவே இல்லை. சில நேரம் சிவப்பே நாலைந்து முறை அடுத்தடுத்து வந்தது. போன தடவை என்ன வந்தது என்று பொட்டலத்துக்குத் தெரியவா போகிறது? ஒவ்வொரு தடவையும் அதற்குப் புதிதுதான். இன்னொன்று, மூன்றும் வெள்ளை என்ற குவியல் ஏறவே மாட்டேன் என்றது. அந்தப் பக்கம் இருபது கொட்டைக்கு மேல் சேர்ந்தபோது, இந்தப் பக்கம் இரண்டே இரண்டு.

இலையும் நாரும் சுற்றிலும் கிடக்க நான் கண்ணை மூடிக் குலுக்குவதை அம்மா பார்த்துவிட்டார். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. பக்கத்தில் வந்து மெதுவாக, "என்னடி வந்துச்சு?" என்றார்.

"சிவப்பு ஜாஸ்தி வருதும்மா."

"வரட்டும் வரட்டும். பொண்ணுன்னா மட்டும் வேணாம்னு சொல்லிடுவமா?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். நானும் திருத்தவில்லை. திருத்தினால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

ஏன் இப்படி வருகிறது என்று மட்டும் தெரிந்தாக வேண்டும் போலிருந்தது. முறத்தைக் கவிழ்த்துப் போட்டு, மூன்று முறையில் என்னென்ன விதமாக வரலாம் என்று பூவையே வரிசையாக அடுக்கினேன். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. அதற்குக் கீழே வெள்ளை, வெள்ளை, சிவப்பு. அதற்குக் கீழே வெள்ளை, சிவப்பு, வெள்ளை. எப்படி மாற்றி மாற்றி வைத்தாலும் எட்டு வரிசைதான் வந்தது. ஒன்பதாவது கிடைக்கவில்லை. அந்த எட்டில் முழு வெள்ளை ஒரே ஒரு வரிசை. முழுச் சிவப்பு ஒரே ஒரு வரிசை. மீதி ஆறும் கலந்து கிடந்தன.

முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை சொன்ன கணக்கில் தங்கைக்கு இருப்பது எட்டில் ஒரு வரிசை. செங்கத்துக்கு ஏழு வரிசை.

நைனாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வியாழக்கிழமை முழுக்க நினைத்துக்கொண்டே இருந்தேன். அவர் சாப்பிடும்போது சொல்லலாம், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். அவர் எதிரில் நின்று நான் பேசிப் பழக்கமே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை கோயிலுக்குப் போனோம். மலை சுற்றிக்கொண்டு வந்த ஓர் அம்மாள் தண்ணீர் குடிக்க நின்றார். அவரையே எடுத்துத் தரச் சொன்னார்கள். முதல் பொட்டலத்தைப் பூசாரி பிரித்தார். வெள்ளை. திரும்பக் கட்டிக் குலுக்கி வைத்தார். இரண்டாவதும் வெள்ளை. தங்கை என் கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது. அத்தைகூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மூன்றாவது சிவப்பு.

எடுத்துத் தந்த அம்மாள், "என் கை ராசி அவ்ளோதான்ம்மா" என்று வருத்தமாகச் சொன்னார். அத்தை நைனாவின் தோளைத் தொட்டு, "ரெண்டு வாட்டி ஆசை காட்டி, கடைசில வேணாம்னுட்டா பாரு. அவளுக்குத் தெரியாததா" என்றார். நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

எப்படித் துணிச்சல் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. "நைனா, என் கல்யாணத்துக்கு ஒரு வாட்டிதானே போட்டீங்க?" என்றேன்.

அவர் நின்றார். "ஆமா. அதுக்கென்ன?"

"வெள்ளை வந்துச்சு, கட்டிக் குடுத்துட்டீங்க. இவ படிக்கப் போறதுக்கு மட்டும் மூணு வாட்டி வரணுமா?"

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "சாமிகிட்டயே கணக்கு பாக்கறியா?"

"சாமிகிட்ட இல்ல அத்தை. நாம கேட்ட விதத்தைத்தான் சொல்றேன். போகலாம்னு சொல்ல மூணு வெள்ளை வேணும்னா, போகவேணாம்னு சொல்லவும் மூணு சிவப்பு வேணும் இல்ல?"

அதற்கு மேல் வார்த்தை வராததால் தட்டிலிருந்த பூவை எடுத்துத் தரையில் அடுக்க ஆரம்பித்தேன். வயிற்றைத் தூக்கிக்கொண்டு நான் குனிவதைப் பார்த்துத் தங்கையும் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தாள். எட்டு வரிசை. நைனா குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நாற்று நட்ட வயலைப் பார்ப்பது போல ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். ஒன்பதாவதாக ஒரு வரிசை வைக்க அவரும் முயன்றார். வைத்தது ஏற்கெனவே மேலே இருந்தது. எடுத்துவிட்டார்.

"சரி, அப்ப இன்னும் மூணு வாட்டி போட்டுடு" என்றார் அத்தை.

"வேணாங்கா" என்றார் நைனா. "நமக்குப் புடிச்சது வர்ற வரைக்கும் போட்டுக்கிட்டே இருந்தா, அதுக்குப் பேரு கேக்கறது இல்ல."

பிறகு கலந்து கிடந்த ஆறு வரிசையையும் காட்டி, "இதுல அம்மன் ஒண்ணும் சொல்லல. நம்மகிட்டயே விட்டுட்டா" என்றார். தங்கை பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்ற?"

அத்தனை நாளில் அவளை யாராவது கேட்டது அதுதான் முதல் தடவை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் தலைநிமிராமல், "போறேன் நைனா" என்றாள்.

போனாள். செங்கத்து வரன் வேறு இடத்தில் முடிந்தது. அத்தை மறுபடி என்னிடம் பேச, என் குழந்தை பிறக்க வேண்டியிருந்தது.

இதையெல்லாம் நினைத்தால் பெருமையைவிட ஒரு கேள்விதான் எனக்குள் பெரிதாக நிற்கிறது. அன்று மூன்றாவதும் வெள்ளையாக வந்திருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனா? மாட்டேன். சந்தோஷமாக வீட்டுக்கு வந்திருப்பேன். எட்டு வரிசை அப்போதும் எட்டு வரிசையாகத்தான் இருந்திருக்கும். அதனால்தான் இன்றைக்கும் எதையாவது முடிவு செய்யப் போகும்போது, பதில் வருவதற்கு முன்பே ஒரு நிமிடம் நின்று, எனக்குப் பிடிக்காத பதில் வந்தாலும் இப்படிக் கேட்டது நியாயம்தான் என்று ஒத்துக்கொள்வேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.