எட்டு போட்ட வாப்ளி டீச்சர்

ஆறாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் ‘வாப்ளி’ என்றொரு சொல் வந்தது. ‘ஆடுகிற’ என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். முன் பெஞ்சுப் பெண் சும்மா இருப்பாளா?

“டீச்சர், ஊஞ்சல்கூட ஆடுது. அது வாப்ளியா?”

“இல்லம்மா.”

“அப்ப சாமி வந்து ஆடுறவங்க?”

“அதுவும் இல்ல. உக்காரு.”

உட்கார வைத்தேனே தவிர எனக்கு மனசு ஆறவில்லை. என் மேசைக்கால் வாப்ளி, அவளுடைய கோரைப்பல் வாப்ளி. இரண்டையும் காட்டினேன், ஒத்துக்கொண்டாள். ஊஞ்சலை ஏன் சேர்க்கக்கூடாது என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை. இருபது வருஷம் ஆங்கிலம் நடத்தியவளுக்கு இது தேவையா!

எனக்கு வேறு தலைவலியும் இருந்தது. வீடு திருத்தணியில், பள்ளி திருவாலங்காட்டுப் பக்கம். மாதாமாதம் கிருத்திகை வந்தால் முருகன் கோயில் கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. இரண்டு கிருத்திகைக்குத் தாமதமாகப் போய்விட்டேன். இன்னொரு முறை என்றால் அரை நாள் விடுப்பு என்று தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார். வீட்டிலோ கணவரின் ஸ்கூட்டர் சும்மா நின்றது. அவர் என் அத்தை மகன், அதனால் எனக்குப் பாவா. அரக்கோணத்தில் ரயில்வே வேலை, போக வர ரயில். ஆகவே நாற்பத்தாறு வயதில் நான் வண்டி பழகக் கிளம்பினேன்.

மலையடிவாரத் திடலில் பாவா கூடவே ஓடிவந்தார். “இன்னா இது, காவடி எடுத்துகினு போறியா? நேரா பாரு!”

“சிரிச்சீங்கன்னா இன்னைக்குச் சோறு கிடையாது.”

லைசென்ஸ் வாங்க எட்டு போட வேண்டும். தரையில் வரைந்த எட்டைக் கால் ஊன்றாமல் சுற்றி வர வேண்டும். முதல் தடவை பாதி எட்டிலேயே காலை ஊன்றிவிட்டேன். அத்தனை பேர் முன்னால் மானம் கப்பலேறியது. வீட்டுக்கு வந்து சின்னப்பிள்ளைபோல அழுதேன்.

இரண்டாம் தடவை போனபோது அடுத்த கிருத்திகைக்கு ஒரே வாரம். முதல் வளைவில் கைப்பிடி இந்தப் பக்கம் இழுத்தது, அடுத்ததில் அந்தப் பக்கம். கால் கீழே இறங்கப் பார்த்தது. “இறங்குன, தொலைச்சுப்புடுவேன்!” என்று என் காலையே திட்டினேன். ஒருவழியாக முடித்து நிறுத்தினேன்.

லைசென்ஸுக்குச் சோதிக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். “ரொம்ப ஆடுச்சும்மா.”

“ஆமா சார்.”

“உழுந்துடுவீங்கன்னே நெனச்சேன். ஆனா உழல, காலும் ஊணல. பாஸ், போங்க.”

அட, இதுதானே அர்த்தம்! விழுந்துவிடும் என்று பார்க்கிறவருக்குத் தோன்ற வேண்டும்; ஆனால் இன்னும் விழுந்திருக்கக்கூடாது. ஊஞ்சல் ஆடுவதைப் பார்த்து யார் பயந்தார்கள்?

பாவா ஓடிவந்தார். “இன்னா ஆச்சு?”

“வாப்ளி!” என்று கத்தினேன். மனிதர் பெயில் என்று நினைத்து முகத்தைத் தொங்கப் போட்டுவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் அங்கேயே என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கிருத்திகையன்று, பிதுங்கி வழிந்த பஸ்ஸைத் தாண்டி, முதல் மணிக்கு முன்பே பள்ளிக்குப் போய்விட்டேன். வண்டி வாசலில் ஒரு ஆட்டம் ஆடித்தான் நின்றது. முன் பெஞ்சுக்காரி ஓடிவந்து ஈயென்று வாயைக் காட்டினாள். கோரைப்பல் இருந்த இடத்தில் ஓட்டை.

“என் பல்லு இனிமே வாப்ளி இல்ல டீச்சர், உழுந்துடுச்சு. நீங்கதான் வாப்ளி!”

“ஆங், சரியாச் சொன்ன,” என்று அவளைக் கட்டிக்கொண்டேன்.