நாலு டி.பி.யும் நான் ஊதிய விசிலும்

சென்ற ஆண்டு பங்குனியில், கோவில்பட்டியில் நடந்தது இது. நான் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. பி.டி. டீச்சர் என்றால்தான் ஊரில் தெரியும். இருபது வருடமாக மைதானத்தில் கத்திக் கத்தி, மெதுவாகப் பேசுவதே எனக்கு மறந்துபோய்விட்டது. நான் வீட்டில் உப்புக் கேட்டால் பக்கத்துத் தெருவிலிருந்து கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று என் கணவர் கேலி செய்வார். கோபமும் அப்படித்தான். முதலில் விசில், அப்புறம்தான் யோசனை.

எங்கள் பள்ளிப் பெண்கள் ஆடும் ஹாக்கி ஆட்டங்களை ஆறு வருடமாக வீடியோ எடுத்து ஒரு ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்துவைத்திருந்தேன். எந்த ஆட்டம் எங்கே இருக்கிறது என்று எழுதிவைக்கும் நல்ல பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. கேமராவில் தேதியும் தப்பாகத்தான் ஓடும். போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

எங்கள் அணியின் கோல்கீப்பர் புதூர் பக்கத்துக் கிராமத்துப் பெண். வீட்டில் ஆடு மேய்ப்பார்கள். மழை பொய்த்த வருடங்களில் அப்பாவும் அம்மாவும் வெளியூர் வேலைக்குப் போய்விடுவார்கள். விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தால் சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாவற்றுக்கும் கவலையில்லை. இல்லையென்றால் பத்தாம் வகுப்போடு அவளும் அவர்களோடு கிளம்ப வேண்டியதுதான். விடுதிக்கு ஆள் எடுக்கும் தேர்வு நடந்த அன்று பார்த்து அவளுக்கு அம்மை போட்டிருந்தது. விடுதிக்கு நடையாய் நடந்து கெஞ்சினேன். கடைசியில், "அந்தப் பெண் ஆடிய ஆட்டங்களை முழுசாகக் கொண்டுவாருங்கள், வெட்டி ஒட்டியது வேண்டாம். திங்கட்கிழமைக்குள் வந்தால் பார்க்கிறோம்" என்றார்கள்.

அன்று வியாழக்கிழமை. வீட்டுக்கு வந்து ஹார்ட் டிஸ்க்கைச் செருகினேன். உள்ளே 'டிக், டிக்' என்று சத்தம். கழற்றிக்கொண்டு நேரே கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினேன். அதன் சொந்தக்காரரை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். அமைதியான மனிதர். காதருகே வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இது ரொம்ப நாள் தாங்காது டீச்சர். ஒண்ணொண்ணா திறந்து தேடிக்கிட்டு இருக்காதீங்க. ஒரே மூச்சுல மொத்தத்தையும் புதுசுல ஏத்திட்டு, அப்புறம் அதுல தேடுங்க."

என் லேப்டாப்பில் இரண்டு ஆட்டம் வைக்கக்கூட இடமில்லை. நாலு டி.பி., அதாவது நாலு டெராபைட் கொள்ளும் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கினேன். கம்ப்யூட்டருக்குள் மாட்டும் வகை. லேப்டாப்பில் இணைக்க அதற்கு ஒரு பெட்டி வேண்டும். "பெட்டியும் தரட்டுமா?" என்று பாய் கேட்டார். "அதெல்லாம் வீட்டுல கெடக்கு பாய்" என்று சொல்லிவிட்டேன். என் கணவர் எப்போதோ வாங்கிய பெட்டி பீரோவுக்கு மேலே சும்மாதான் கிடந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் வந்து, அந்தப் பெட்டியில் புதியதைப் போட்டு இணைத்தேன். திரையில் 1.63 டி.பி. என்று வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். 1.63-தான். பாதிகூட இல்லை! பழைய டிஸ்க்கில் இருப்பதே 1.75. அதுகூட இதில் கொள்ளாது. பெரியதாகக் காட்டி உள்ளே சின்னதை வைத்து விற்கும் போலிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அவற்றில் ஏற்றினால் ஏற்றிய வீடியோக்களும் போய்விடுமாம். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. பெட்டியிலிருந்து டிஸ்க்கைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

கடை வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன். "நாலுன்னு சொல்லி ஒண்ணரைய குடுத்திருக்கீங்களே பாய், இதுக்குப் பேரு என்ன? பொட்டப்புள்ள வாழ்க்கையில வெளையாடுதீங்களா? களவாணித்தனம்லா இது!" என் குரல்தான் தெரியுமே. எதிர் டீக்கடையில் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

பாய் முகம் வாடிவிட்டது. கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டிஸ்க்கை நேராக மாட்டி, திரையை என் பக்கம் திருப்பினார். 3.63 டி.பி.

எனக்குத் திக்கென்றது. ஆனாலும் வீம்பு விடவில்லை. "இப்பவும் நாலு இல்லையே!"

"கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமா எண்ணுதான் டீச்சர். கம்ப்யூட்டரு ஆயிரத்து இருவத்தி நாலு, ஆயிரத்து இருவத்தி நாலா எண்ணுது. சாமான் ஒண்ணுதான், கணக்குதான் வேற. எந்தக் கடையில வாங்குனாலும் இவ்வளவுதான் காட்டும்."

அது எனக்கு உடனே புரிந்தது. ஹாக்கி மைதானம் நூறு கெஜம். அதையே மீட்டரில் அளந்தால் தொண்ணூற்றொன்றும் சொச்சமும்தான் வரும். அதற்காக யாரும் மைதானத்தைத் திருடிவிட்டார்கள் என்று சொல்ல முடியுமா? புரிந்த பிறகும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "டீச்சர், அந்தப் பெட்டி..." என்று அவர் ஏதோ சொல்லவந்தார். நான் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு படியிறங்கிவிட்டேன்.

வீட்டில் வந்து போட்டால் மறுபடியும் 1.63! இந்தத் தடவை கோபம் வரவில்லை. யாரிடம் போய்க் கத்துவது? பாய் கடையில் முழுசாக இருந்த சாமான் என் வீட்டில் வந்து எப்படிச் சுருங்கும்?

உட்கார்ந்து யோசித்தேன். அணி தோற்றுக்கொண்டே இருந்தால் பதினொரு பேரையும் ஒரே நாளில் மாற்றமாட்டேன். ஒருத்தியை மாற்றிப் பார்ப்பேன், சரிவராவிட்டால் அடுத்தவளை. அதையே இங்கேயும் செய்தேன். முதலில் வயரை மாற்றினேன். 1.63. லேப்டாப்பில் வேறு துளையில் செருகினேன். 1.63. மாடி வீட்டுக்காரர்களின் லேப்டாப்பைக் கேட்டு வாங்கி அதில் செருகினேன். அதே 1.63. மிச்சம் இருந்தது பெட்டி மட்டும்தான். கவிழ்த்துப் போட்டு, தூசியைத் துடைத்து, செல்போன் லைட் அடித்துப் பார்த்தேன். மூலையில் எறும்பு எழுத்தில் இருந்தது: அதிகபட்சம் 2 டி.பி.

அந்தப் பழைய பெட்டிக்கு இரண்டுக்கு மேல் எண்ணத் தெரியாது. இரண்டைத் தாண்டியதும் திரும்பவும் பூஜ்யத்திலிருந்து எண்ணி, மிச்சமிருந்த 1.63-ஐ மட்டும் காட்டியிருக்கிறது. கண்டுபிடித்துவிட்டேன்! தனியாக உட்கார்ந்திருந்தவள் "கோல்!" என்று கத்தியே விட்டேன். என் கணவர் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார். அவரிடம் விளக்கிச் சொல்லும்போதுதான் அடுத்தது உறைத்தது. ஒரு பாவமும் அறியாத மனிதரைத் தெருவே பார்க்கக் களவாணி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலை கடை திறக்கும்போதே போய் நின்றேன். எதிர் டீக்கடையில் அதே கூட்டம். நடுவர் தப்பாக விசில் ஊதிவிட்டால், ஊதிய இடத்திலேயே திருத்தவும் வேண்டும். நேற்று எந்தக் குரலில் திட்டினேனோ அதே குரலில் சொன்னேன்: "தப்பு என் பேர்லதான் பாய். பழைய பெட்டியில போட்டுட்டு உங்களக் களவாணின்னுட்டேன். என்னய மன்னிச்சிருங்க!"

டீக்கடையில் மறுபடியும் கிளாஸைக் கீழே வைத்தார்கள். பாய்க்கு வெட்கமாகப் போய்விட்டது. "விடுங்க டீச்சர், இதுக்கும் இப்படியா விசில் ஊதுவாவ?" என்று சிரித்தார். நேற்று அவர் சொல்லவந்ததும் அந்தப் பெட்டியைப் பற்றித்தானாம். ஒரு புதுப் பெட்டியை எடுத்துப் பிரித்துப் போட்டார். 3.63!

"வீட்டுல கரண்ட் போச்சுன்னா வம்பு. இங்கன யு.பி.எஸ். இருக்கு, இங்கனயே காப்பி பண்ணிருவோம்" என்றார். பத்து மணிக்கு ஆரம்பித்தோம். பழைய டிஸ்க் 'டிக், டிக்' என்றுகொண்டே கொடுத்தது. பச்சைக் கோடு நகர நகர எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. மதியம் பாய் எழுந்து சட்டையைச் சரிசெய்தார். "தொழுதுட்டு வந்துருதேன். யாராச்சும் வந்தா இருக்கச் சொல்லுங்க. சின்னச் சாமானா இருந்தா நீங்களே எடுத்துக் குடுத்துருங்க" என்று கல்லாச் சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் அவர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அப்போது பார்த்து பசுவந்தனை ஊர்க்காரர் ஒருவர் பென் டிரைவும் கையுமாக வந்து ஏறினார். "முப்பத்திரெண்டுன்னு போட்டுருக்கு, இருவத்தொம்பதுதான் காட்டுது. ஏமாத்துதீங்களா?"

"உக்காருங்க அண்ணாச்சி" என்றேன். நூறு கெஜத்தையும் மீட்டரையும் வைத்து விளக்கினேன். மெதுவான குரலில்தான். அவர் தலையாட்டிவிட்டு, இன்னொன்றும் வாங்கிக்கொண்டு போனார்.

மாலை ஆறரைக்குக் கடைசி ஃபைலும் ஏறி முடிந்தது. ஞாயிறு முழுக்கத் தேடி அவள் ஆடிய பத்தொன்பது ஆட்டங்களையும் எடுத்துவிட்டேன். திங்கள் காலை அவள் அம்மாவும் நானும் முதல் பஸ்ஸில் போய் விடுதியில் கொடுத்தோம். பழைய டிஸ்க் அதோடு செத்துப்போனது; அதற்கப்புறம் சத்தம்கூடப் போடவில்லை.

பத்து நாள் கழித்து அந்த அம்மா போனில் அழைத்தார். "டீச்சரு, எம்புள்ளய எடுத்துக்கிட்டாவளாம்!" பின்னால் ஆடுகள் கத்துவதை மீறி அவர் அழுவது கேட்டது. நானும் அழுதேன். அப்புறம் மைதானத்துக்குப் போய், இரண்டு கன்னமும் வலிக்கும்வரை விசில் ஊதினேன்.

அந்தப் பெண் இப்போது மாவட்ட அணிக்கு ஆடுகிறாள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமை பொங்கும். ஆனால் கோபம் தலைக்கேறும் நேரத்தில் எனக்கு ஞாபகம் வருவது, முந்தின நாள்தான் தன்னைத் திருடர் என்று சொன்னவளை நம்பி, சாவியை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பள்ளிவாசலுக்கு நடந்த அந்த மனிதரின் முதுகுதான்.