மைக் செட் விண்ணரசியும் கண்ணுசாமியின் பேரனும்

எங்கள் ஊரில் விண்ணரசியின் குரலைக் கேட்காமல் ஒரு விசேஷமும் நடந்ததில்லை. பட்டுக்கோட்டை ரோட்டில் என்னுடைய எஸ்.டி.டி. பூத்துக்குப் பக்கத்துக் கடைதான் அவளுடைய மைக் செட் கடை. மாதா கோயில் தேரோ, மாரியம்மன் கோயில் திருவிழாவோ, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறிக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டுகிறவள் அவள்தான். கீழே நின்று வேடிக்கை பார்க்கிற ஆம்பளைகளுக்கு மேலிருந்தே அர்ச்சனை நடக்கும். நானும் வாங்கியிருக்கிறேன்.

கடை அவள் புருஷன் குழந்தைராஜ் ஆரம்பித்தது. கல்யாணமான மறு வருஷமே அவன் குவைத்துக்குப் போய்விட்டான். தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்து ஆம்பளைகளில் பாதிப் பேர் குவைத்திலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். மீதிப் பேர் அவர்களுடைய போனுக்காக என் பூத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆம்ப்ளிஃபயரை விற்றுவிடச் சொன்னான் குழந்தைராஜ். விண்ணரசி விற்கவில்லை. அதை ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

மகள் லின்சி பிறந்த பிறகும் தொழிலை விடவில்லை. பந்தக்காலில் ஏணை கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு வேலை பார்ப்பாள். தலைக்கு மேலே குழாய் அலறும், வாசலில் வேட்டுப் போடுவார்கள், லின்சி அசையாமல் தூங்குவாள். "மைக் செட் வீட்டுப் பிள்ளை, சத்தம் பழகிப்போச்சு" என்று ஊரே மெச்சியது. விண்ணரசிக்குப் பெருமை தாங்காது. வேறு வீடாக இருந்தால் யாருக்காவது சந்தேகம் தட்டியிருக்கும். சத்தத்தை வைத்தே சோறு தின்கிற வீட்டில் எப்படித் தட்டும்? பேச்சு வரவில்லையே என்றபோதும், "அவ அப்பனும் மெதுவாத்தான் பேச ஆரம்பிச்சான்" என்று சமாதானம் சொன்னார்கள்.

லின்சிக்கு மூன்று வயதானபோது குழந்தைராஜ் லீவில் வந்தான். பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தான். பிள்ளை திரும்பவே இல்லை. அன்றே தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிறவியிலேயே இரண்டு காதும் சரியாகக் கேட்கவில்லை என்றார் டாக்டர். ஒரு வயதுக்குள் கொண்டுவந்திருந்தால் பேச்சு சுலபமாக வந்திருக்கும் என்றும் சொன்னார். அந்த ஒரு வார்த்தை விண்ணரசியை விடவே இல்லை.

பிறகு நெஞ்சில் பெட்டியும் காதில் வயருமாக லின்சிக்குக் கருவி மாட்டினார்கள். பேச்சுப் பயிற்சிக்காகத் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறி இறங்கியே விண்ணரசி பாதியாய் இளைத்தாள். ஐந்து வயதில்தான் 'அம்மா' வந்தது. அதற்கப்புறம் என்ன, என் கடை மிட்டாய் ஜாடியைத் திறக்கவில்லையென்றால் என்னோடு மல்லுக்கு நிற்கிற அளவுக்கு வாய் வளர்ந்துவிட்டது.

அதிலிருந்து விண்ணரசிக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்தக் கைக்குழந்தையைக் கண்டாலும் நைசாகப் பின்னால் போய்க் கை தட்டுவாள். பேருந்து நிலையம், ரேஷன் கடை, பூசை நடக்கிற நேரம், எதுவும் கணக்கில்லை. திட்டாத தாய்மார் இல்லை. அப்படித்தான் ஒருநாள் கண்ணுசாமி பெரியவரின் பேரன் பரிதி கண்ணில் பட்டான். பத்து மாதப் பிள்ளை. அவள் தட்டிய தட்டில் மரத்துக் காக்காய் பறந்தது, அவன் திரும்பவில்லை.

கண்ணுசாமி லேசுப்பட்ட ஆள் இல்லை. பரம்பரையாக அடுத்தவன் வயலில் நாற்றுப் பறித்த குடும்பம். மகன் சிங்கப்பூர் போய்ச் சம்பாதித்து அனுப்ப, சொந்தமாக நிலம் வாங்கி, மாடியும் எடுத்திருந்தார். நாலு பேர் எழுந்து நிற்கிற மரியாதை இப்போதுதான் வந்திருந்தது. அதில் ஒரு சொட்டுக் குறைந்தாலும் மனுஷர் பொறுக்கமாட்டார்.

அந்தச் சமயம் பட்டுக்கோட்டையில் குழந்தைகளுக்குக் காது பரிசோதனை முகாம் போட்டார்கள். ஆட்டோவில் அறிவிப்புச் செய்கிற வேலை விண்ணரசிக்கு. எழுதிக் கொடுத்த வாசகத்தை ஒரு தெருவோடு மடித்து வைத்துவிட்டாள். "என் பிள்ளை குழாய்க்குக் கீழ தூங்கினப்ப சமத்துன்னு நெனச்சேங்க. அது சமத்து இல்லீங்க, காது கேக்கல. நான் மூணு வருஷம் விட்டுட்டேன், நீங்க விட்றாதீங்க" என்று தன் கதையையே சொல்லிக்கொண்டு போனாள். கண்ணுசாமி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி இரண்டு தடவை சொன்னாள். பெரியவருக்குப் புரியாமல் இருக்குமா? தாம்பாளத்தை எடுத்துவந்து பேரன் முகத்துக்கு நேரே தட்டினார். அவன் பொக்கை வாயால் சிரித்தான்.

"கேக்குதுல்ல? பொறவு என்ன?"

"உங்க கையைப் பாத்துச் சிரிக்கிறான் பெரியப்பா. பின்னாடி நின்னு தட்டுங்க."

"செவிட்டு வீடுன்னு ஊருல பேரு வாங்கித் தராம நீ ஓயமாட்ட போலருக்கு. வண்டிய எடு மொதல்ல."

முகாமுக்கு முந்தின நாள் பரிதிக்குக் காது குத்து. மைக் செட் விண்ணரசியுடையதுதான். அவளை விட்டால் வேறு செட் ஏது? பந்தல் நிறையக் கைக்குழந்தைகள். தாய்மாமன் மடியில் பரிதி வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். விண்ணரசி மைக்கை நகர்த்தியபோது அது ஸ்பீக்கர் பாக்ஸுக்கு முன்னால் வந்து 'வீல்' என்று ஒரு கத்துக் கத்தியது. பந்தலில் இருந்த அத்தனை குழந்தைகளும் ஒரே குரலாக அலறின. சமையல்காரர் கரண்டியைக் கீழே போட்டார். பரிதி மட்டும் பழத்திலிருந்து வாயை எடுக்கவில்லை. தெரியாமல் நடந்தது என்றுதான் விண்ணரசி இன்றுவரை சாதிக்கிறாள். அத்தனை வருஷம் மைக் பிடித்த கை தெரியாமல் நகருமா என்று நான் கேட்டால் சண்டைக்கு வருவாள்.

"பாத்தீங்களா, எம்பேரன் அசையல. வீரன்யா" என்று மீசையைத் தடவினார் கண்ணுசாமி. சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். பிள்ளையைப் பெற்ற எழில்மொழி சிரிக்கவில்லை. அழுகிற குழந்தைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், தன் பிள்ளையைப் பார்த்தாள், கடைசியாக விண்ணரசியைப் பார்த்தாள்.

மறுநாள் காலை மாமனார் வயலுக்குக் கிளம்பிய கையோடு எழில்மொழி பிள்ளையோடு கடை வாசலில் வந்து நின்றாள். "அக்கா, அந்த முகாமு எங்க?" என்றாள். விண்ணரசி அறிவிப்பு ஆட்டோவிலேயே அழைத்துப் போனாள். அங்கே தூங்குகிற பிள்ளையின் காதில் சின்ன ரப்பர் முனையை வைத்துப் பார்த்தார்கள், தஞ்சாவூரில் மறுபடி பார்த்தார்கள். இரண்டு காதும் சரியில்லை. ஆனால் நேரத்தோடு வந்துவிட்டீர்கள் என்று சொல்லி, பரிதிக்கும் கருவி மாட்டிவிட்டார்கள்.

கண்ணுசாமி கடைக்கு வந்து ஆடிய ஆட்டத்தை எழுதினால் நன்றாக இருக்காது. "எங்க வீட்டு மானத்தை வாங்கிட்டியே" என்றார். விண்ணரசி சேரைத் துடைத்துப் போட்டாள். "எங்களைத் திட்டுங்க பெரியப்பா, எத்தனை நாள் வேணும்னாலும் திட்டுங்க. பிள்ளை காதுல இருக்கறதை மட்டும் கழட்டிராதீங்க" என்றாள். உட்காராமலே போய்விட்டார். ஆனால் கழற்றவில்லை. சிங்கப்பூரிலிருந்து மகன் என் பூத்துக்குப் போன் போட்டு, அவரை வரவழைத்து, அழுதே கேட்டுக்கொண்டதும் ஒரு காரணம்.

அந்தப் போனுக்கு அப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் பெரியவர் எங்கள் பக்கமே தலைகாட்டவில்லை. ஒருநாள் சாயங்காலம் பரிதியைத் தோளில் வைத்துக்கொண்டு வேகவேகமாக வந்தார். மறுபடியும் சண்டைதான் என்று நினைத்து நான் எழுந்து நின்றேன்.

"நாகநாதா, நீயும் வாடா இங்க" என்று என்னையும் இழுத்துக்கொண்டு விண்ணரசி கடைக்குள் நுழைந்தார். கண்ணுசாமி வாயில் மூச்சுக்கு ஒரு தடவை வருகிற வார்த்தை 'போடா'தான். பால்காரனுக்கும் போடா, பேரனைக் கொஞ்சினாலும் போடா. அவரைத் திருப்பிச் சொல்ல மட்டும் ஊரில் ஒருவனுக்கும் துணிச்சல் கிடையாது.

"போடா" என்றார் பேரனிடம்.

பரிதி அவர் மீசையைப் பிடித்துக்கொண்டு, "போதா" என்றான்.

விண்ணரசி ஸ்பீக்கர் பாக்ஸ் மேலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சந்தோஷத்தில் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. லின்சி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்னையவே சொல்றாம்மா" என்றார் கண்ணுசாமி. "அழுதது போதும். மைக்கைப் போடு."

போட்டாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் கண்ணுசாமி பேசறேன். எம்பேரனுக்குக் காது கேக்காது. கருவி மாட்டியிருக்கு. இப்ப பேசுறான். உங்க வீட்டுலயும் குழந்தை இருந்தா மானம் அது இதுன்னு பாக்காம கொண்டுபோய்க் காட்டுங்க" என்றார். பிறகு மைக்கைப் பேரனின் வாயருகே பிடித்தார்.

அந்தச் சாயங்காலம் பட்டுக்கோட்டை ரோட்டில் போன அத்தனை பஸ்ஸும் கேட்க, கண்ணுசாமி பெரியவரை ஒரு பொடியன் 'போதா' என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு தடவையும் அவர், "இன்னொரு வாட்டி சொல்லுய்யா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.