போர்ட்டோவில் ஒரே ஓர் இடம்

யோரின் நல்லவள். இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

ட்ரென்தே மாகாணத்துக் கிராமத்தில் ஓர் உருளைக்கிழங்கு விவசாயியின் மூன்றாவது மகள். க்ரோனிங்கன் நகரத்தில் ஒரே வீட்டில் அவளுக்கும் எனக்கும் அடுத்தடுத்த அறைகள், கல்லூரியிலும் ஒரே வகுப்பு. அவளுடைய சைக்கிளில் மணி கிடையாது. கூட்டத்தைக் கண்டால் வாயாலேயே "டிரிங், டிரிங்" என்று கத்துவாள். ஊரே சிரித்துக்கொண்டு வழிவிடும். என் சைக்கிள் மணி நன்றாகவே அடிக்கும், அதைக் கேட்டு ஒருவரும் சிரித்ததில்லை.

போர்ட்டோ என்ற வெளிநாட்டு நகரத்தில் அரையாண்டு படிக்கலாம், சனிக்கிழமைகளில் வீடில்லாதவர்களுக்குச் சூப் ஊற்றும் சமையற்கூடத்தில் தொண்டு செய்யலாம் என்று ஒரு திட்டம் வந்தது. ஒரு நேரத்தில் ஒரே ஓர் இடம்தான். இருவரும் விண்ணப்பித்தோம். செப்டம்பரில் யோரின், பிப்ரவரியில் நான் என்று முடிவானது. மதிப்பெண்ணில் நான்தான் முன்னால் இருந்தேன். நேர்காணலில் அவளிடம், "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார்களாம். "நல்லா உருளைக்கிழங்கு உரிப்பேன்" என்றாளாம். அந்த ஒரு பதிலுக்கு முதல் இடம்.

அக்டோபரில் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவளோடு சூப் ஊற்றும் இனேஸ் என்ற பெண்ணின் பிறந்தநாளுக்குப் போயிருக்கிறாள். எங்கள் ஊரில் பிறந்தநாள்காரியை மட்டும் வாழ்த்திவிட்டு உட்கார்ந்தால் மரியாதை இல்லை. அம்மா, அப்பா, காதலன், அத்தை என்று வட்டமாக உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் கைகொடுத்து வாழ்த்த வேண்டும். யோரின் அங்கேயும் அதையே செய்திருக்கிறாள்.

"இனேஸோட அம்மா கையப் புடிச்சு 'வாழ்த்துகள்'னேன். அவ காதலனுக்கும் கைகொடுத்து 'உங்களுக்கும் வாழ்த்துகள்'னேன். அந்தம்மா கரண்டியைக் கீழ போட்டுட்டாங்கடி! இனேஸ் வயித்தைப் பாத்து 'எத்தனை மாசம்?'னு கேக்கறாங்க. அந்தப் பையன் மூஞ்சி வெளிறிப்போச்சு!"

"ஐயையோ. உன்னை வெளியில அனுப்பிட்டாங்களா?" ஆசையோடுதான் கேட்டேன்.

"எங்க! இது எங்க ஊர் வழக்கம்னு சொன்னதும் அழுதாங்க, சிரிச்சாங்க. இப்ப ஞாயித்துக்கிழமை சாப்பாடு எனக்கு அவங்க வீட்டுலதான்."

நான் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டேன். அந்த ஊர்ப் பழக்கவழக்கங்களை ஒரு கோடைகாலம் முழுக்கப் படித்து வைத்திருந்தேன். தப்புச் செய்தவளுக்கு விருந்து, படித்தவளுக்கு க்ரோனிங்கன் மழை. அன்று இரவு அவள் அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். எதிலாவது அவள் முகம் வாடியிருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

டிசம்பரில் மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை சிரிப்பு இல்லை.

"நீன்கா, ஒண்ணு கேக்கணும். ஜூன் வரைக்கும் இருன்னு சமையற்கூடத்துல கெஞ்சறாங்க. பல்கலைக்கழகமும் சரின்னுடுச்சு. ஆனா பிப்ரவரிலேருந்து இடம் உன்னோடது. நீ விட்டுக்கொடுத்தா இருப்பேன். இல்லன்னா கிளம்பிடறேன். மனசுல இருக்கறதைச் சொல்லு."

நல்ல தோழி என்றால் "நீயே இருடி" என்று சொல்லியிருப்பாள். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அவள் இல்லாத சமையற்கூடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்து அன்பாகச் சிரிப்பதும் கண்முன் வந்தது.

"எனக்கு வேணும்" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமாத்தான். உன்மேல பொறாமைடி எனக்கு. நீ போன நாள்லேருந்து."

"தெரியும். நான் சிரிக்கச் சிரிக்கக் கதை சொன்னப்பல்லாம் நீ ஒருதரம்கூடச் சிரிக்கல." நாள்காட்டியைப் புரட்டும் சத்தம் கேட்டது. "சரி, வந்துடறேன்."

ஜனவரிக் கடைசியில் வந்தாள். ரயில் நிலையத்தில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவளோ, சூப் வரிசையில் யார் யாருக்கு உப்பு ஆகாது, யாருக்கு ரொட்டியை நனைத்துக் கொடுக்க வேண்டும் என்று தன் கையால் எழுதிய தாள்களைக் கொடுத்தாள். மொத்தம் ஆறு பக்கம். அதைப் படிக்கும்போதும் பொறாமையாகத்தான் இருந்தது.

போர்ட்டோவில் முதல் சனிக்கிழமை. இனேஸ் ரொட்டி வெட்டினாள், நான் சூப் ஊற்றினேன். யாருடைய கிண்ணத்திலும் ஒரு சொட்டு சிந்தவில்லை. பல் இல்லாத ஒரு கிழவர் கிண்ணத்தை நீட்டினார். எனக்குப் பின்னால், கதவுப் பக்கம் யாரையோ தேடினார்.

"அந்தப் பொண்ணு எங்க?"

"ஊருக்குப் போயிட்டா."

"ஏன்? நல்லாத்தானே இருந்தா?"

பொய் சொல்லியிருக்கலாம். "நான்தான் கிளம்பச் சொன்னேன்" என்றேன்.

இனேஸின் கத்தி நின்றது. "நீயா? எதுக்கு?"

"அவளோட இடம் எனக்கு வேணும்னு இருந்துச்சு."

இனேஸ் என்னைப் பார்த்தாள். கிழவரைப் பார்த்தாள். அவர் இன்னும் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெடைச்சுதா?" என்று கேட்டாள்.