பாதிக் கச்சேரி

மலைக் கிராமமான பேத்துப்பாறையில் இருக்கும் சோலையம்மாளுக்கு ராகங்களின் பெயர் தெரியாது. தானே பெயர் வைத்திருந்தாள். ஒன்று ‘மழைக்கு முந்தினது’, இன்னொன்று ‘கோவிச்சுக்கிட்டது’. பீன்ஸ் காட்டில் களையெடுக்கும்போது இடுப்பில் செருகிய போனில் நாதஸ்வரம் ஓடும். கூட வேலை செய்பவர்களுக்குச் சினிமாப் பாட்டு வேண்டும். அதனால் காப்பி குடிக்கும்வரை அவள் பாட்டு, அதற்குப் பிறகு அவர்கள் பாட்டு என்று ஒப்பந்தம்.

அந்த வெள்ளிக்கிழமை பழனியில் ஆறு மணிக்கு நாதஸ்வரக் கச்சேரி. அங்கே கட்டிக்கொடுத்த மகள் ரம்யா சொல்லியிருந்தாள். கல்யாண வீட்டுச் சத்தத்துக்கு நடுவே கேட்டதுண்டே தவிர, உட்கார்ந்து முழுசாக ஒரு கச்சேரியை ஐம்பத்திரண்டு வயது வரை சோலையம்மாள் கேட்டதில்லை. வெள்ளனே எழுந்து காட்டு வேலையை முடித்து, கணவர் முத்துராஜுக்குச் சோறு வைத்துவிட்டு, பெருமாள்மலையில் இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தாள்.

சவரிக்காட்டுக்கு முன்னால் பஸ் நின்றுவிட்டது. முந்தின நாள் மழையில் ஊறிய மேட்டிலிருந்து ஒரு பெரிய மரம் மண்ணோடு சரிந்து ரோட்டை மறித்துக் கிடந்தது. வெட்ட ஆள் வருகிறது என்றார்கள். நாலு மணியாகியும் யாரும் வரவில்லை.

“திரும்பிப் போயிரலாம்னு டிரைவர் சொல்றாரும்மா” என்றார் கண்டக்டர் நல்லுசாமி.

சோலையம்மாள் இறங்கி, மரத்துக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போனாள். பழனியிலிருந்து ஏறிவந்த பஸ் ஒன்று அதேபோல நின்றிருந்தது. உள்ளே இருந்தவர்களும் இவர்களைப் போலவே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்து நல்லுசாமியிடம் சொன்னாள்: “அண்ணே, அந்தப் பஸ் ஆளுக நம்ம பஸ்ல ஏறட்டும். நாங்க அதுல ஏறிக்கிறோம். ரெண்டு வண்டியும் வந்த வழியே திரும்பட்டும். ஆளுகளுக்குப் போற எடத்துக்குப் போன மாதிரி இருக்கும்ல?”

“டிப்போல கேக்கணும்மா.”

“வெரசா கேளுங்க. எனக்குப் பழனியில சோலி கெடக்கு.”

டிப்போவில் சரி என்றார்கள். சேற்றில் வழுக்கி, ஒருவர் மூட்டையை ஒருவர் வாங்கி, இரண்டு பஸ்ஸிலும் இருந்த எண்பது பேரும் மாறி ஏற முக்கால் மணி நேரமானது. ஒரு நிறைமாதக் கர்ப்பிணியைச் சோலையம்மாள்தான் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள்.

மண்டபத்துக்குள் நுழையும்போது ஏழேகால். முழங்கால்வரை சேறு. செருப்பை வெளியே விட்டு, கடைசி வரிசையில் ரம்யாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் காதில் பட்ட முதல் தவிலடி நெஞ்சுக்கூட்டுக்குள் விழுந்தது. போனில் இது வந்ததே இல்லை. நாதஸ்வரக்காரர் ‘கோவிச்சுக்கிட்டதை’ எடுத்து அரை மணி நேரம் வாசித்தார். அவள் கையை மடியில் வைத்தபடி அசையாமல் இருந்தாள்.

எட்டு மணிக்குக் கச்சேரி முடிந்ததும் முத்துராஜ் கூப்பிட்டார்.

“மரம் விழுந்துருச்சாமே. போய்ச் சேந்தியா? கேட்டியா?”

“பாதிதாங்க கேட்டேன்.”

“அம்புட்டுத் தூரம் போயி பாதிதானா?”

“ஆமா. அடுத்த மாசமும் வைக்கிறாகளாம். நீங்களும் வாங்க, காலைப் பஸ்ஸுக்கே கிளம்பிருவோம்.”

முத்துராஜ் “சரி, வாரேன்” என்றார்.